பட்டாசு வண்டிக்குப் பெரிய திரை எதற்கு?

தீபாவளி நெருங்கினால் சிவகாசியிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தார்ப்பாய் கட்டிய பிக்கப் வண்டிகள் வரிசைகட்டும். 2022 ஆகஸ்டில் மகிந்திரா வெளியிட்ட பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் ‘ஐமேக்ஸ்’ என்ற இணைய வசதி வந்தது. வண்டி எங்கே நிற்கிறது, எஞ்சின் எப்படி இருக்கிறது என்பதை முதலாளி கைப்பேசியிலேயே பார்க்கலாம். என் கணக்கில், இந்தப் பகுதிக்குத் தேவை இதுதான். பாட்டும் படமும் காட்டும் அகலத் திரை அல்ல. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியின் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். அப்படிப்பட்ட வண்டியில் டேஷ்போர்டைப் பிரித்து, ஃபியூஸ் இல்லாமல் ஒயரைக் கிள்ளி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மலிவுத் திரையை மாட்டுவது என்ன நியாயம்? டேப் வெயிலில் இளகும். குலுக்கலில் ஒயர் உரசும். அப்புறம் ஷார்ட் சர்க்யூட்தான்.

வழி பார்க்கக் கைப்பேசியே போதுமே என்பார்கள். போதும், ஓடும் வண்டியில் அதை வழிகாட்டலுக்கு மட்டும் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதியும் இடம் தருகிறது. ஆனால் எஞ்சின் சூடேறுவதைக் கைப்பேசி தானாக அறியாது. ஐமேக்ஸ் ஓட்டுநரை வேவு பார்க்கும் கருவி என்ற மனக்குறையை அப்படித் தள்ளிவிட முடியாது. டீ குடிக்க நிறுத்தினாலும் போன் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் வண்டி நின்றதைக் காட்டும் அதே பதிவு, ஓய்வில்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதற்கும் சாட்சி. முதலாளிமார்களே, அந்தக் கணக்கை ஓட்டுநர் கண்ணிலும் காட்டுங்கள்.