தேயிலை இல்லாத தேநீர்

தேயிலைத் தளிரிலிருந்து கிடைப்பதே தேநீர். ஆயினும் செம்பருத்தி, எலுமிச்சம்புல், உலர்ந்த பழத்துண்டுகள் ஆகியவற்றின் கலவையையும் 'மூலிகைத் தேநீர்' என்றே விற்கிறார்கள். எங்கள் கருங்கல் பகுதியின் சுக்குக் காப்பியும் இவ்வினமே. அதில் காப்பிக்கொட்டை கிடையாது!

சுக்கு, மிளகு, கொத்தமல்லி ஆகியவற்றை இடித்துக் கருப்பட்டியுடன் கொதிக்க வைப்பதே இக்காப்பி. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் உறைப்புக்குக் காரணம் இதுவே.

கருப்பட்டியோ பனையேறியின் உழைப்பு. புளித்துக் கள்ளாகாதிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அவர் இறக்கும் அக்கானியைக் காய்ச்சியே அது கிடைக்கிறது. இன்று பனையேற ஆள் அருகி வருகிறது. சீனி கலந்த கருப்பட்டியும் சந்தைக்கு வருகிறது. நண்பர்களே, நல்ல கருப்பட்டிக்கு உரிய விலை கொடுப்போம். பனையேறி இல்லையேல் சுக்குக் காப்பி பெயரளவில்தான் மிஞ்சும் என்பேன்.