கூட்டமும் கூட்டாளியும்

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று மருத்துவ நூல்களும் ஏ.டி.எச்.டி. என்று பெற்றோரும் குறிப்பிடும் நிலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மதிப்பெண்ணிலும் வகுப்பறை ஒழுங்கிலுமே நின்றுவிடுகிறது. இடைவேளையில் அந்தக் குழந்தையை யார் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரிப்பவர் குறைவு. அமெரிக்க உளவியலாளர் பெட்சி ஹோசாவின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, யார் நண்பர் என்று வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டறியப்பட்டபோது, இக்கோளாறுள்ள 165 குழந்தைகளில் 52 விழுக்காட்டினர் சக மாணவரால் ஒதுக்கப்பட்டவர்களாக இருந்தனர். இருவரும் ஒருவரையொருவர் நண்பர் என்று சொல்லும் பரஸ்பர நட்போ 56 விழுக்காட்டினருக்கு இல்லை.

தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறர் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்பதெல்லாம் இக்குழந்தைகளில் பலருக்கு நன்றாகவே தெரியும். கேட்டால் சரியாகச் சொல்லவும் செய்வார்கள். ஆட்டத்தின் வேகத்தில் உந்துதல் முந்திக்கொள்ள, தெரிந்தது உரிய நொடியில் கைகொடுக்காமல் போவதே சிக்கல் என்பதால், தனி அறையில் நடத்தப்படும் பழகுதிறன் வகுப்புகள் விளையாட்டுத் திடலில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சத்தம் போடாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் கவனக்குறைவு வகைப் பிள்ளைகளோ, யாராலும் வெறுக்கப்படாமலே, கண்ணில் படாமல் விடுபட்டுப்போகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. கோடைக்கால முகாம் ஒன்றில், முன்பின் அறியாத சிறுவர்களை ஒன்றுசேர்த்து எர்ஹார்ட், ஹின்ஷா ஆகியோர் நடத்திய 1994-ஆம் ஆண்டு ஆய்வில், ஒதுக்கல் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது தெரிந்தது. இன்று காய் விட்டவர் நாளை பழம் விடுவது பிள்ளைகளின் இயல்புதான். ஆனால் கெட்ட பெயராக ஒட்டிக்கொண்ட காய் எளிதில் பழுப்பதில்லை. 579 குழந்தைகளைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்த பெரிய சிகிச்சை ஆய்வில், மருந்தால் துடிப்பு அடங்கிய பின்னரும் சக மாணவரின் மனம் பெரிதாக மாறவில்லை என்பது வியப்புக்குரியதன்று. மாத்திரை விழுங்குவது ஒரு குழந்தை, தீர்ப்பு வழங்குவது வகுப்பு முழுவதும்.

ஆகவே கூட்டத்தின் விருப்பத்தைப் பெற முயல்வதைவிட ஒரு கூட்டாளியைத் தேடித்தருவது கைகூடக்கூடிய வழியாகத் தோன்றுகிறது. அமோரி மிகாமியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அல்ல, அவர்களுடைய பெற்றோருக்கே பயிற்சி தரப்பட்டது: ஒத்துப்போகும் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைப்பது, சண்டைக்கு இடமில்லாத விளையாட்டாகத் தேர்வது, பிசகும் நொடியில் அருகிருந்து மெல்ல நினைவூட்டுவது. அந்தப் பயிற்சி யாருக்குக் கிடைத்தது என்று அறியாத ஆசிரியர்களும், பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகள் வகுப்பில் முன்னைவிட ஏற்கப்படுவதாகத் தெரிவித்தனர்.