உங்களுக்குத் தெரியுமா? கோந்தில் கலந்த கார்பன் நானோகுழாய்

● கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்தான் கார்பன் நானோகுழாய். ஒற்றைச் சுவர் கொண்ட குழாயின் குறுக்களவு சுமார் 1 நானோமீட்டர். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா இதைப் பற்றி எழுதிய பிறகே உலகின் கவனம் திரும்பியது. ஆனால் 1952இலேயே சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் இத்தகைய குழாய்களின் படத்தை ரஷ்ய மொழி இதழில் வெளியிட்டிருந்தார்கள்!

● மின்சாரத்தை அருமையாகக் கடத்தும் இந்தக் குழாய்களிடம் ஒரு பெரிய சிக்கல் உண்டு. தண்ணீரில் போட்டால் பிரிந்து நிற்காது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியானதை வைத்து மையும் செய்ய முடியாது, படலமும் செய்ய முடியாது. 2002இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட மருந்து அரபுக் கோந்து. குளிர்பானத்திலும் வாட்டர்கலரிலும் சேர்க்கிறார்களே, அதே அக்கேசியா மரத்துப் பிசின்தான். அதன் நீண்ட மூலக்கூறுகள் குழாய்களின்மேல் படிந்து, அவை ஒன்றையொன்று நெருங்காமல் தடுத்துவிடுகின்றன. நச்சுக் கரைப்பான் எதுவும் வேண்டாம், தண்ணீரே போதும். இந்தத் துறையில் நான் மிகப் பெரியதாக மதிப்பது இந்த எளிய கண்டுபிடிப்பைத்தான். அடுத்த ஆண்டே டி.என்.ஏ. இழையும் இதே வேலையைச் செய்யும் என்று அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

● இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் குழாய்களைப் பிரித்து வைக்கும். காடி போன்ற மென்மையான அமிலத்திலேயே கரையும் என்பது அதன் கூடுதல் வசதி.

● கோந்தும் கைட்டோசானும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பிறகு கலவை மட்டும் எப்படிக் கடத்துகிறது? குழாயின் நீளம் அதன் குறுக்களவைப்போல் ஆயிரம் மடங்குகூட இருக்கும். அதனால் நன்றாகப் பரவினால் போதும், எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான குழாய்களே ஒன்றையொன்று தொட்டு, படலம் முழுவதும் மின்பாதை அமைத்துவிடும். வளைத்தாலும் பாதை அறுவதில்லை. இழுத்தால் தொடுமிடங்கள் விலகி மின்தடை மாறும். நாடித் துடிப்பையும் மூட்டு மடங்குவதையும் இப்படலங்கள் உணர்வது இந்த மாற்றத்தை வைத்துத்தான்.

● 2007இல் அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தில், கேரளத்தில் பிறந்த புளிக்கல் அஜயன் உள்ளிட்ட குழுவினர் நானோகுழாய்களைச் செல்லுலோஸில் பதித்து, காகிதம் போன்ற மின்கலம் செய்தார்கள். அதில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். சுருட்டலாம், மடிக்கலாம்.

● 2010இல் ஸ்டான்ஃபோர்டில் யி சுயி குழுவினர் பருத்தித் துணியை நானோகுழாய் மையில் தோய்த்து உலர்த்தினார்கள். துணி மின்கடத்தியாகிவிட்டது!

● சிலந்தி இழையையும் விடவில்லை. 2013இல் ஃபுளோரிடாவில் ஈடன் ஸ்டீவன் குழுவினர், நானோகுழாய்த் தூளோடு சில சொட்டுத் தண்ணீர் மட்டும் சேர்த்து, இழையின்மேல் அழுத்திப் பூசினார்கள். அந்த இழை இதயத் துடிப்பை உணரும் கருவியானது.

● 2016இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் நானோகுழாய் தெளித்த முசுக்கொட்டை இலையைப் பட்டுப்புழுக்களுக்குக் கொடுத்தார்கள். சாதாரணப் பட்டைவிட வலுவான பட்டு கிடைத்தது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தியது 1,050 டிகிரி செல்சியஸில் சுட்டுக் கரியாக்கிய பிறகுதான்.

● கீழடியில் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். தாவரச் சாறு பூசிச் சூளையில் சுட்டபோது அவை உருவாகியிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

● எல்லா நானோகுழாயும் ஒன்றல்ல. நீண்டு விறைத்த சில வகைகள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பெஸ்டாஸ் இழைபோல் தீங்கு செய்யக்கூடும். பல சுவர் கொண்ட ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. கோந்து, கைட்டோசான் போன்ற பாலிமருக்குள் பிணைந்திருக்கும் வரை குழாய்கள் காற்றில் பறக்காது. துணி தேயும்போது உதிரலாம். ஆகவே மின்சாரம் கடத்தும் சட்டை கடைக்கு வரும் நாளில், எத்தனை முறை துவைத்துச் சோதித்தார்கள், எவ்வளவு உதிர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.