டயர் நூலில் ஒரு வேதியியல் பாடம்

கரிம வேதிவினைகள் என்றதும் பதினோராம் வகுப்பு மாணவர் மனதில் வருவது ஒரு பட்டியல்: சேர்க்கை, பதிலீடு, நீக்கம், ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், மறுசீரமைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஓர் எடுத்துக்காட்டு. பரீட்சை முடிந்த மறுவாரமே எல்லாம் மறந்துபோகும். பட்டியலாகப் படிப்பதுதான் இதற்குக் காரணம் என்பேன். எந்த அணு உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று கணக்குப் பார்க்கப் பழகினால், வினையின் பெயர் தானாக வந்துவிடும். பழகுவதற்கு ஏற்ற பொருள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. டயரின் ரப்பருக்குள் வலுவுக்காக வைக்கும் நைலான் நூல்துணியை எஸ்ஆர்எஃப் நிறுவனத்தின் ஆலை இங்கே தயாரிக்கிறது. டயர் நூலுக்குப் பெரிதும் பயன்படும் நைலான்-6ஐ பென்சீனில் தொடங்கி ஐந்தே படிகளில் எட்டிவிடலாம்.

பென்சீனில் 6 கார்பன், 6 ஹைட்ரஜன். நிக்கல் போன்ற வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் மேலும் 6 ஹைட்ரஜன் அணுக்கள் ஏறிக்கொள்ளும், அதுதான் சைக்ளோஹெக்சேன். எதுவும் வெளியேறவில்லை, ஆகவே சேர்க்கை. ஏறியது ஹைட்ரஜன் என்பதால் ஒடுக்கம் என்றாலும் சரிதான். அடுத்து, சூடான சைக்ளோஹெக்சேனுக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். 2 ஹைட்ரஜன் கழன்று 1 ஆக்சிஜன் வர, சைக்ளோஹெக்சனோன் கிடைக்கிறது. இது ஆக்சிஜனேற்றம். அதோடு ஹைட்ராக்சிலமீன் சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறினால் ஆக்சைம். முதலில் சேர்க்கை, பின்னாலேயே நீக்கம். இரண்டும் இணைந்ததைக் குறுக்க வினை என்கிறோம்.

நான்காவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்சைமில் 6 கார்பன், 11 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். அதைப் புகையும் கந்தக அமிலத்தில் வினைபுரியவிட்டால் கேப்ரோலாக்டம் உருவாகிறது. அதன் அணுக்களை எண்ணிப் பாருங்கள்: 6, 11, 1, 1. வரவு செலவு முடிந்த பிறகு எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் வேறு. ஆக்சைமில் வளையத்துக்கு வெளியே தொங்கிய நைட்ரஜன் இப்போது வளையத்துக்குள் நுழைந்துவிட்டது. 6 உறுப்பு வளையம் 7 உறுப்பு வளையமாகிவிட்டது. மறுசீரமைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. இவ்வகை வினையை 1886இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் எர்ன்ஸ்ட் பெக்மன். 1938இல் பால் ஷ்லாக் அந்த 7 உறுப்பு வளையத்தைத் திறந்து, ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்கினார். சிறிதளவு நீருடன் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில் நடக்கும் பலபடியாக்கல் அது. நைலான்-6 பிறந்தது அப்படித்தான்.

உண்மையான வினைகள் ஒரே வகைக்குள் அடங்குவதில்லையே, பிறகு வகை பிரித்து என்ன பயன் என்று கேட்கலாம். மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிக்கும் லீனியர் அல்கைல் பென்சீனை எடுத்துக்கொள்வோம். சலவைத்தூளின் மூலப்பொருள் அது. மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த நேர்சங்கிலி ஹைட்ரோகார்பனிலிருந்து 2 ஹைட்ரஜனை எடுத்தால் இரட்டைப் பிணைப்பு வரும், இது நீக்கம். அந்தச் சங்கிலியைப் பென்சீனோடு இணைக்கும்போது பென்சீன் ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்துச் சங்கிலியை ஏற்கிறது. பென்சீன் பக்கமிருந்து பார்த்தால் பதிலீடு; இரட்டைப் பிணைப்பின் பக்கமிருந்து பார்த்தால் சேர்க்கை. வெறும் பட்டியலை நம்பியவர் இங்கே திணறுவார். கணக்குப் பார்த்தவருக்கோ இரண்டு பெயரும் ஏன் பொருந்துகின்றன என்பது தெளிவு.

பாடத்திட்டம் பெரிது, நேரம் குறைவு, மதிப்பெண்ணுக்கு மனப்பாடமே போதும் என்று ஆசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆலைகள் சூழ்ந்த ஊரில் மதிப்பெண்ணோடு இந்தப் பாடம் முடிந்துவிடாது. 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில், கேப்ரோலாக்டத்துக்காக சைக்ளோஹெக்சேனை ஆக்சிஜனேற்றம் செய்த ஆலை வெடித்து 28 பேர் இறந்தனர். தற்காலிகமாகப் பொருத்திய குழாய் உடைந்து, சூடான சைக்ளோஹெக்சேன் ஆவியாக வெளியேறித் தீப்பற்றியதே காரணம். அவ்வளவு திரவம் ஏன் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது? ஆக்சிஜனேற்றத்தைக் கொஞ்சம் தாண்டவிட்டால் வேண்டிய பொருளும் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து வீணாகும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சிறு பகுதியை மட்டும் வினைபுரியவிட்டு, மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறார்கள். வினையின் இயல்பு புரிந்தால்தான் அந்த ஆபத்தின் அளவும் புரியும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பகுதி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கரிம வினைப் பாடத்தைத் தொடங்கும் நாளில் வரையறைகளை ஒத்திவையுங்கள். இந்த ஐந்து படிகளைக் கரும்பலகையில் எழுதி, வந்த அணுவையும் போன அணுவையும் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். பெயர்களைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.