புகைக்குழாயின் பிரமாணம்

குழாய் பருத்தால் எஞ்சினின் சக்தியும் பெருகும் என்ற அபிப்பிராயம், பாண்டிருப்பிலும் கல்முனையிலும் கார் வைத்திருக்கும் இளைஞர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. புதுச் சைலன்சர் பூட்டியதும் எழும் பெருஞ் சப்தத்தையே அவர்கள் பலத்தின் அத்தாட்சியாகக் கொள்கின்றனர்.

நம்மிடையே சாதாரணமாகப் புழங்கும் சுசூகி ஆல்டோவின் 796 சிசி எஞ்சினைப் பார்ப்போம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உள்ளிழுப்பதால், நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் அது அதிகபட்சம் 2,400 லீற்றர் அளவும், 2,000 சுற்றில் 800 லீற்றர் அளவுமே உட்கொள்ளும். வெளியேறும் வாயு உஷ்ணத்தால் பன்மடங்கு விரிந்தாலும், அந்த விகிதம் ஏறத்தாழ அவ்வாறே நிற்கும். குழாயின் தடையோ, ஓட்டம் மும்மடங்கானால் ஏறக்குறைய ஒன்பது மடங்காகும் இயல்புடையது.

இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால், அதே ஓட்டத்துக்குத் தடை மூன்றிலொரு பங்காகக் குறையும் என்பது மெய்யே. ஆயினும், நகர எல்லைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்படாமல், 2,000 சுற்றை ஒட்டி ஓடும் வண்டிக்கு அந்தத் தடை முன்னரே அற்பமானதாகையால், இல்லாத நோய்க்கு மருந்து வாங்கியதே மிச்சமாகும்.

எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும் என்று கராஜ்களில் சொல்வதும் முழு உண்மையன்று; வேண்டுவது வேகம். வால்வு திறந்ததும் அலையாகப் பாயும் வாயு, விரைந்தோடினால் தனக்குப் பின்னே எஞ்சிய புகையையும் இழுத்துச் செல்லும். ஆகவே சிலிண்டரை ஒட்டிய முன்குழாய்களின் அளவே விசேஷ கவனத்துக்குரியது. அவை மிதமிஞ்சிப் பருத்தால் அந்த வேகம் தளர்ந்து, குறைந்த சுற்றில் இழுவை குன்றும். வால்பக்கக் குழாயைப் பெருப்பித்தால் பெரும்பாலும் மாறுவது சப்தமே.

குழாயின் அளவு அதன் மிகக் குறுகிய இடத்தின் அளவேயாகும். சாதாரண யந்திரத்தில் அழுத்தி வளைத்த குழாயின் முழங்கை நசுங்கி நின்றால், இரண்டரை அங்குலமென்று விலை கொடுத்து வாங்கியதன் பிரயோஜனம் அங்கேயே பறிபோகிறது. நமது கடற்கரையின் உப்புக்காற்று வெளியிலிருந்தும், குறுந்தூரப் பிரயாணங்களில் ஆவியாகாமல் தங்கும் நீர் உள்ளிருந்தும் இரும்பை அரிப்பதால், துரு ஏறாத எஃகின் தரம் இங்கே அரை அங்குல விட்டத்தைவிட அதிக அனுகூலம் தரும்.

இழுவை குறைந்துவிட்டதென்று தோன்றினால், முதலில் காஸ்கெட் ஓரத்தில் கரிக்கறை படிந்திருக்கிறதா, மாசு நீக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம். இரண்டும் சீராக இருக்குமானால், உற்பத்தியாளர் தந்த அளவை மாற்றுவதற்குச் சாதாரணப் பாவனையில் நியாயமான காரணம் எதுவும் இல்லை.