தோசை தின்ன விமானத்தில் பறக்கிறார்கள்!

இரண்டு தோசை சாப்பிட யாராவது விமானத்தில் போவார்களா?

போகிறார்கள். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களில் சனிக்கிழமை காலையில் நடக்கும் கூத்து இது.

எப்போதும்வென்றான் டீக்கடை பெஞ்சில் இதைச் சொல்லிப் பாருங்கள். "ஏ யப்பா! நாம தூத்துக்குடி பஸ்சுக்கே கால் கடுக்க நிக்கோம். அவுக பலகாரம் திங்க பிளேன்ல போறாகளாக்கும்!" என்பார்கள்.

சிரிப்பதில் தப்பு இல்லை. ஆனால் சங்கதி தோசையோடு முடியவில்லை.

கொட்டகையில் அடுப்பு

அங்கே சின்ன ஊர்களுக்குக் கூட ஒரு விமான ஓடுதளம் உண்டு. சில இடங்களில் தார் கிடையாது, வெறும் புல்தரைதான். வந்து இறங்குவது 2 பேர், 4 பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் விமானங்கள்.

ஓட்டி வருபவர்கள் எல்லாரும் கோடீசுவரர்களா? இல்லை. விவசாயி இருப்பார், வாத்தியார் இருப்பார், மெக்கானிக் இருப்பார். நாலு பேர் கூட்டுச் சேர்ந்து பழைய விமானம் ஒன்றை வாங்கி, முறை வைத்து ஓட்டுவார்கள். வீட்டுக் கொட்டகையில் தாங்களே விமானம் கட்டி முடிக்கிறவர்களும் உண்டு!

அப்படிக் கட்டுகிறவர்களுக்கு என்றே ஒரு சங்கம். 1953ம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரஸ்னி என்பவர் தொடங்கினார். இன்று ஆண்டுதோறும் ஜூலையில் அந்தச் சங்கம் ஆஷ்காஷ் நகரில் திருவிழா நடத்துகிறது. சுமார் 10 ஆயிரம் விமானங்கள் வருகின்றன. நம் ஊர்த் தேரோட்டத்துக்கு மாட்டு வண்டி வந்த மாதிரி!

ஊர் ஊராகக் கிளைகள் இருக்கின்றன. கிளைக்குப் பணம் சேர்க்கக் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பலகாரம்.

காலையில் விமானக் கொட்டகையைத் திறந்து கல்லைப் போடுகிறார்கள். மைதா, பால், முட்டை, கொஞ்சம் சோடா மாவு. நம் ஊத்தப்பத்தைப் போல தடித்த தோசை. பெயர் பான்கேக்.

சட்னி, சாம்பார் கிடையாது. மேலே வெண்ணெயும் மேப்பிள் பாகும். மேப்பிள் என்பது ஒரு மரம். அதன் நீரை இறக்கி, 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற சீமைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பலகாரத்துக்குச் சில டாலர்தான். பெட்ரோலுக்குத்தான் அதைப் போலப் பல மடங்கு. "100 டாலர் ஹாம்பர்கர்" என்று விமானிகளே தங்களைக் கேலி பேசிக்கொள்வார்கள். பறக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குக் காசு இல்லை

வேலிக்கு வெளியே நின்று வாய் பிளந்து பார்க்கும் பிள்ளைகளையும் அவர்கள் விடுவது இல்லை.

1992ம் ஆண்டு இதே சங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் 'இளங் கழுகுகள்'. 8 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளை விமானிகள் தங்கள் சொந்தச் செலவில் ஒரு சுற்று ஏற்றிச் செல்ல வேண்டும். இதுவரை 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பறந்துவிட்டார்கள். அதில் விமானி ஆனவர்களும் உண்டு.

கரிசலில் ஒரு ஓடுதளம்

நம் பக்கம் என்ன நிலை?

கோவில்பட்டி பக்கத்தில் தோட்டிலோவன்பட்டியில் ஒரு ஓடுதளம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெரிய விமானம் இறங்கும் இடம் அல்ல. ஆண்டுக் கணக்கில் சும்மா கிடந்தது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்க அரசின் 'டிட்கோ' நிறுவனம் திட்டம் போட்டது.

பெரிய விமானத்துக்கு வாகைக்குளம் இருக்கிறது. 1992ல் தொடங்கிய தூத்துக்குடி விமான நிலையம் அது. 2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள்.

புல்தரையில் இறங்குகிற வித்தை மட்டும் இங்கே சுலபத்தில் பலிக்காது. கரிசல் மண் வெயிலில் கை நுழையும் அளவு வெடிக்கும். மழையில் ஊறி உப்பும். ஒரு மழைக்கு சைக்கிளையே தோளில் தூக்கவேண்டிய மண்ணில் விமானம் எங்கே இறங்குவது? கீழே ஆழமாகக் கெட்டித்துத்தான் ஓடுதளம் போடவேண்டும். அதோடு, நினைத்த நேரத்தில் கிளம்பவும் முடியாது. பயணத் திட்டம் கொடுத்து, அனுமதி எண் வாங்கவேண்டும். சின்ன விமானத்துக்கான பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்காது.

பெட்ரோல் தொல்லை பழைய கதைதான். 1932 அக்டோபர் 15ந்தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். வழியில் ஆமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்! பம்பாயில் இருந்து சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.

அரைக்கோடி ரூபாய்

விமானம் ஓட்டுவதைத் தொழிலாகச் செய்ய 18 வயது ஆகவேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு? அரைக்கோடி ரூபாய் அளவுக்குப் போகிறது.

எப்போதும்வென்றானில் மழையை நம்பி உளுந்தும் பாசியும் போடுகிற குடும்பம், தீப்பெட்டி ஆபீசில் தாய் வேலை பார்க்கும் குடும்பம், இந்தத் தொகைக்கு எங்கே போகும்? காட்டை விற்றாலும் காணாது.

பயிற்சி விமானங்கள் கோவில்பட்டி வானத்தில் சுற்றத் தொடங்கினால், விருந்துக்குக் கருப்பட்டித் தோசையும் கடலை மிட்டாயும் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது. அதில் கவலை இல்லை. டீக்கடை பெஞ்ச் வேறு ஒன்றுதான் கேட்கும்:

"அதெல்லாம் சரிய்யா... நம்ம பிள்ளைய ஒரு சுத்து ஏத்துவாகளா? இல்ல, வேலிக்கு இந்தப் பக்கமே நின்னு பாக்கணுமா?"