பம்பின் பிளக்கை நாமே மாற்றலாம்



கத்தரி பூக்கும் வேளையில் நீர் தவறினால் பூ உதிரும். கொக்கிளாயில் பம்பு நின்றால், மெக்கானிக்கைத் தேடி முல்லைத்தீவுக்குச் சென்று திரும்புவதற்குள் பயிர் வாடும்.

டீசல் அழுத்தத்தால் தானே எரிவதால், டீசல் லொறிக்கும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கும் பிளக்கு இல்லை. மண்ணெண்ணெய்ப் பம்புக்கு உண்டு. அதிற் கரி விரைவிற் படியும்.

இயந்திரம் ஆறியபின், சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துப் பிளக்கைக் கழற்றுக. முனை கருத்திருந்தால் கம்பித் தூரிகையால் துலக்குக. இடைவெளியைக் கைந்நூலின்படி அமைக்குக. பல பம்புகளுக்கு அது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். பீங்கான் வெடித்திருந்தால் அதே இலக்கமுடைய புதுப் பிளக்கை இடுக. புரி பழுதாகாதிருக்க முதலிற் கையாலேயே திருகி, பின்னர் பிளக்குச் சாவியால் அளவாக இறுக்குக.

புரி கெட்டிருந்தாலோ, புதுப் பிளக்கிட்டும் இயங்காவிடினோ மெக்கானிக்கை நாடுக, அக்கூலி வீணன்று. மாற்றுப் பிளக்கொன்றும் சாவியும் என்றும் கொட்டிலில் இருக்கட்டும்.